வெடி இழுக்காது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பேப்பர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு நான்கு உருளைகளிலிருந்தும் நேற்றைய தாளைக் கழற்றி, புதுத் தாளைச் சுற்றி, மை ஊசியை மெல்ல இறக்கிவிடுவது அவள் வேலை. நான்கு உருளைகளும் நான்கு நிலையங்களிலிருந்து வரும் அதிர்வை எழுதுகிறவை. நிலம் ஆடினால் ஊசி ஆடும். ஆடாவிட்டால் தாள் முழுக்கக் கோடு சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

"என்ன பேப்பர், இன்னைக்கு என்ன சேதி?" என்று வாசல் காவலாளி கேட்பார்.

"ஒண்ணுமில்லண்ணே. பூமி நல்லாத் தூங்குது."

"குடுத்து வெச்சது. நமக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்ல."

ஆறு வருடமாக இதே பேச்சு. இரண்டு பேருக்கும் சலிக்கவில்லை.

பேப்பர் என்று முதலில் கூப்பிட்டவர் இயக்குநர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் காதில் மட்டும் விழாது. தட்டு சார். பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை, பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. விருந்துக்குப் போன வீட்டில்கூட முன்னால் வைத்த சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்துவிடுவாராம். பரிமாற வந்தவர் கரண்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

அவள் அந்த இயக்குநரைப் பழிவாங்கத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். தாள் மாற்றுவது சும்மா ஒரு சாக்கு.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஆய்வுக்கூடத்தின் கருவி மெக்கானிக் அவளுடைய அண்ணன். நான்கு நிலையங்களில் முக்கியமானது நடு நிலையம். ஊருக்கு மேலே, மலைச்சரிவில், இரும்பு மூடி போட்ட குழிக்குள் அந்தக் கருவி இருந்தது. அதற்கு நேர் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில், பாறையில் ஒரு பிளவு ஓடியது. அந்த வருடம் அண்ணிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அண்ணன் இயக்குநரின் அறை வாசலில் போய் நின்றான்.

"போய்ட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார் அவர், படித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல். எழுதிக்கொடு என்று கேட்கவில்லை. அண்ணனுக்கும் அந்த நேரத்தில் எழுதத் தோன்றவில்லை.

அவன் போன மறுநாள் கொட்டிய மழையில் குழிக்குள் தண்ணீர் இறங்கிக் கருவி செத்துப்போனது. மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளுக்குள்தான் நிலம் ஒரு குலுக்குக் குலுக்கி ஊரில் பாதிச் சுவர்களில் விரிசல் விட்டது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற நிலையங்களில் எல்லாம் அது பதிவாகியிருந்தது, காலடியில் இருந்த நிலையத்தில் மட்டும் வெறும் கோடு. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இயக்குநர் ஒரே வரியில் பதில் எழுதினார்: கருவி மெக்கானிக் அறிவிக்காமல் பணிக்கு வரவில்லை.

கையில் மூன்று நாள் குழந்தையின் வாசனை போகாமல் வந்து நின்ற அண்ணன், "நீங்கதானே சார் போகச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"நானா? எப்போ?" என்றார் அவர்.

அவ்வளவுதான். வேலை போய்விட்டது. பொறுப்பில்லாதவன் என்ற பெயர் மட்டும் கூடவே வந்தது. அதன்பிறகு அவன் எந்தக் கம்பெனியில் போய் நின்றாலும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னாலேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கிற வேலைக்குப் போனான். பேச்சு குறைந்துவிட்டது. தங்கையிடம் வம்பிழுக்காமல் ஒரு நாள் போகாத ஆள், தங்கை பரிமாறினால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற ஆளாகிவிட்டான்.

இரண்டு வருடம் கழித்துத் தாள் மாற்ற ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் அவள் போய்ச் சேர்ந்தாள். யாருடைய தங்கை என்று இயக்குநர் கேட்கவில்லை. கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி இருப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றுகிற விஷயமே இல்லை.

சேர்ந்த புதிதில் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. தேநீரில் உப்பு போடலாமா என்றுகூட யோசித்தாள். நினைத்த மாத்திரத்தில் அது அவளுக்கே அசிங்கமாகப் பட்டது. அவளிடம் இருந்த கோபத்துக்கு உப்பு காணாது. பார்ப்போம் என்று தாள்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் தினமும் நான்கு தாள் என்று வருடக்கணக்கில் பார்த்தால் கல்லுக்கும் கொஞ்சம் புரியும். லாரி போனால் எப்படி ஆடும், காற்றடித்தால் எப்படி, தொலைதூர நாட்டில் நில அதிர்வு வந்தால் எப்படி நீளமாக அலை அலையாக வரும் என்பதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஊசியின் முதல் அசைவு. மேலேயா, கீழேயா. அடியிலிருந்து மண் நம் பக்கமாகத் தள்ளினால் ஊசி முதலில் மேலே போகும். நம்மை விட்டு இழுபட்டால் கீழே போகும். மலைக்கு அடியில் அடிக்கடி வரும் சின்னச் சின்ன அதிர்வுகளில் நடு நிலையத்து ஊசி எப்போதும் கீழேதான் போனது. அதை வைத்து இயக்குநர் ஒரு பெரிய அறிக்கை எழுதியிருந்தார். இந்த மலைக்கு அடியில் பாறை இரண்டு பக்கமும் இழுபட்டு மெதுவாகப் பிரிகிறது, அவ்வப்போது சின்னதாக விட்டுக்கொடுத்துவிடுகிறது, ஆகவே பெரிய அதிர்வுக்கு இங்கே இடமில்லை என்று. அந்த அறிக்கையை நம்பித்தான் சரிவில் எட்டு மாடி மருத்துவமனை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அடித்தளத்துக்கு வழக்கமான இரும்பில் பாதி போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

தாளில் இன்னொன்றும் தினமும் வரும். ஊருக்கு வெளியே கல்குவாரியில் பகல் பன்னிரண்டரைக்கு வெடி வைப்பார்கள். நான்கு ஊசிகளும் ஒரு துள்ளு துள்ளி அடங்கும். அதன் பக்கத்தில் பென்சிலால் "வெ" என்று ஓர் எழுத்து போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வெடியை யாரும் படிக்கக் கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு. "அது பூமி பேசறது இல்ல, குவாரிக்காரன் இருமறது. குப்பை. அதுல நேரத்தை வீணாக்காதீங்க."

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், நான்கு நிலையத் தாள்களையும் அடுக்கித் தைக்கும்போது அவள் கண் தற்செயலாக அந்தக் குப்பையில் விழுந்தது. மூன்று தாளில் வெடியின் முதல் அசைவு மேலே. நடு நிலையத்தில் கீழே. முந்தின நாள் தாளை எடுத்தாள். அதே. போன வருடம், அதற்கு முந்தின வருடம். அதேதான். வெடி எல்லாப் பக்கமும் வெளியேதானே தள்ளும்? வெடி எங்கேயாவது இழுக்குமா?

இழுக்காது. அப்படியென்றால் நடு நிலையத்தில் கம்பி மாறியிருக்கிறது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. மேலே என்பதைக் கருவி கீழே என்று எழுதிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் மாற்றிப் போட்டிருப்பானோ என்பதுதான் முதல் பயம். அண்ணன் இருந்த காலத்துத் தாள்களைத் தேடி எடுத்தாள். அப்போதெல்லாம் வெடிக்கு நான்கு ஊசியும் ஒழுங்காக மேலே போயிருந்தன. அடுத்து குழிப் பதிவேட்டை எடுத்தாள். குழியின் மூடியைத் திறந்தவர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மழைக்குப் பிந்தைய நாளில் ஒரே ஒரு பதிவு. "பழுதான கருவியை மாற்றி, கம்பிகளை என் கையால் இணைத்தேன். நிலையம் மீண்டும் இயங்குகிறது." கீழே இயக்குநரின் கையெழுத்து, அடியில் இரண்டு கோடு. அதன்பிறகு புது மெக்கானிக் யாரையும் போடவில்லை. யாரும் அந்த மூடியைத் திறக்கவுமில்லை. பேட்டரி வெளியே இருந்ததால் திறக்கத் தேவையும் வரவில்லை.

பதிவேட்டை மூடிவிட்டு அன்றைக்கு அவள் ரசித்துத் தேநீர் குடித்தாள். மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? அறைக் கதவைச் சாத்திவிட்டு, கம்பியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். கூடவே அவளையும் கிழித்துப் போட்டுவிடுவார். வேண்டாம். அண்ணனை அசிங்கப்படுத்தியது நாலு பேர் முன்னால். நானூறு பேர் முன்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வரட்டும் என்று காத்திருந்தாள். இரண்டு பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நகர முடியாமல் நிற்கிற இடத்தில்தான் அழுத்தம் எல்லாம் சேரும் என்று தட்டு சாரே சொல்லுவார். அவளுக்குள்ளும் சேர்ந்தது. அண்ணன் அதே மருத்துவமனைக் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் கம்பி இழுக்கப் போவது அவளுக்குத் தெரியும். காலையில் அவனுக்கு அவள்தான் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள்.

அந்த நாள் வந்தது. ஆய்வுக்கூடத்தில் புது அரங்கம் திறக்கிறார்கள். நகரத் தலைவர் வருகிறார், மருத்துவமனை கட்டுகிறவர்கள் வருகிறார்கள், வெளியூர் ஆய்வாளர்கள் வருகிறார்கள். இயக்குநருக்கு விருது. மேடையில் நான்கு உருளைகளையும் வைத்து, ஊசி எழுதுவதை அந்தந்த நொடியிலேயே பெரிய திரையில் காட்ட ஏற்பாடு. முந்தின நாள் இயக்குநர் அவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"பேப்பர், இதைக் குவாரியில குடுத்திரு. நாளைக்கு ஒரு நாள் வெடி வேணாம்னு எழுதியிருக்கேன். பேசிட்டிருக்கும்போது அவன் இருமினா நல்லாவா இருக்கும்?"

"சரிங்க சார்."

கடிதம் அவள் பைக்குள் போனது. அங்கேயே இருந்தது.

விழாவில் அவர் பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டேகால் வரை. அதற்குள் முடித்துவிட்டால் எல்லாம் போச்சு. ஊசியில் மை வற்றாமல் பார்த்துக்கொள்ள மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்த அவள், வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் நிறையப் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அதற்கு வேண்டுதலே தேவைப்படவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் பூமியின் நடுவில், கருவத்தில் இருந்தார். இரும்பு உருகிக் கொதிக்கிறது என்றார். பன்னிரண்டு பத்துக்கு அதைச் சுற்றியிருக்கிற கவசப் பாறைக்கு ஏறினார். பன்னிரண்டேகாலுக்கு யாரோ கொண்டுபோய் வைத்த துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்துக்குத்தான் மேலோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"நாம எல்லாரும் ஒரு தட்டு மேலதான் உட்கார்ந்திருக்கோம்" என்றார்.

"அவரு தட்டுல மட்டும் எல்லாம் விழுது" என்று பின்வரிசையில் காவலாளி முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

நான்கு ஊசிகளும் துள்ளின. தூரத்தில் தும் என்று ஒரு சத்தம். அரங்கம் ஒரு நொடி அசையாமல் இருந்து, பிறகு சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். கண் மட்டும் அவளைத் தேடியது.

"பயப்படாதீங்க. நிலநடுக்கம் இல்ல, குவாரி" என்றார்.

அவள் ஒலிவாங்கிக்கு இரண்டடி தள்ளி நின்றாள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள். அந்த இரண்டடியையும் எடுத்து வைத்தாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"பாருங்க, எங்க பேப்பருக்குக்கூடச் சந்தேகம் வந்திருச்சு! கேளும்மா."

சிரிப்பு. அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"வெடி வெச்சா மண்ணு தள்ளுமா சார், இழுக்குமா?"

"தள்ளும். வெடி எங்கயாவது இழுக்குமா? எல்லாப் பக்கமும் வெளியதான் தள்ளும். அதனால எந்த நிலையமா இருந்தாலும் ஊசி முதல்ல மேலதான் போகும்." கூட்டத்தைப் பார்த்துத்தான் விளக்கினார். குழந்தைக்குச் சொல்வதுபோலக் கையை உயர்த்திக்கூடக் காட்டினார்.

"மூணு மேல போயிருக்கு சார். நடு நிலையம் கீழ போயிருக்கே."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். நானூறு பேரும் பார்த்தார்கள். சுவர் உயரத்துக்கு நான்கு கோடுகள். மூன்று மேலே. ஒன்று கீழே. அதைப் படிக்கப் படிப்பு எதுவும் தேவையில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெளியூர் ஆய்வாளர் ஒருவர், நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்த அம்மா, எழுந்து மேடைக்கு வந்து தாளில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இங்க கம்பி மாறியிருக்கு" என்றார். "யார் இணைச்சது?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... முன்னாடி ஒரு மெக்கானிக் இருந்தான். பொறுப்பில்லாத ஆளு. அப்பவே வேலைய விட்டு அனுப்பிட்டேன்."

எட்டு வருடம் கழித்தும் அந்த வாய்க்கு அதே வழிதான் தெரிந்தது. இதைச் சொல்லுவார் என்று அவள் நினைத்துப் பார்த்ததுண்டு. அவ்வளவு அதிர்ஷ்டம் தனக்கு இருக்கும் என்று நம்பத்தான் இல்லை. மை புட்டிக்கு அடியில் வைத்திருந்த குழிப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள்.

"கம்பிகளை என் கையால் இணைத்தேன்" என்று வாசித்தாள். தேதியையும் வாசித்தாள். "இது உங்க கையெழுத்து சார்."

"நானா? எப்போ?"

அது அவர் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது. ஒலிவாங்கி அதை வாங்கி அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு முன்னைப் போல இல்லை. அவர் முகத்தில் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு தசை மட்டும் துடித்தது. கழுத்தில் வியர்வை இறங்கி வெள்ளைச் சட்டையின் பட்டியில் ஈரமாகப் படர்ந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றையும் தவறவிடவில்லை.

கண்ணாடி அம்மா பதிவேட்டை வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அப்போ எட்டு வருஷமா மேலன்னு வந்ததையெல்லாம் கீழன்னு படிச்சிருக்கீங்க. மலைக்கு அடியில மண் இழுபடல. நசுங்கிட்டிருக்கு. விட்டுக்கொடுக்காம அழுத்தத்தைச் சேத்து வெச்சிட்டிருக்கு."

நகரத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அப்போ நம்ம ஆஸ்பத்திரி?"

விருது, துணி போர்த்திய மேசையில் அப்படியே இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணன் வீடு வந்தான். கட்டடத்தில் எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்களாம். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னாள். முதலிலிருந்து, ஒன்றுவிடாமல். "நானா, எப்போ" வந்ததும் அவன் சிரித்தான். எட்டு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு. அந்த ஆளு மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றான் அண்ணன்.

மறுபடி சொன்னாள். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். துடைத்துக்கொண்டு, "வெடியப் பாத்துக் கண்டுபிடிச்சே பாரு. நான் மெக்கானிக்கா இருந்தும் அது தோணல. கில்லாடிதான் நீ" என்றான். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டான். "எப்போ கண்டுபிடிச்சே? நேத்தா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவள் சொல்லவில்லை.

"பதினோரு மாசம்."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "அந்தக் கட்டடத்துல நான் கம்பி இழுக்க ஆரம்பிச்சு ஒன்பது மாசம்."

"தெரியும்."

"அஞ்சாவது மாடியில."

"தெரியும்ணே."

"என்னோட நூத்தியிருபது பேர் அங்க ஏறி இறங்கறாங்க."

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்காகத்தான்ணே" என்றாள் அவள்.

"எனக்காகன்னு சொல்லாதே. எனக்காகன்னா அன்னைக்கே சொல்லியிருப்பே." அவன் எழுந்து செருப்பை மாட்டினான். "உனக்கு அந்த ஆளு மூஞ்சி வேணும். அது வரைக்கும் நாங்க மேலயே நின்னோம்."

விசாரணை பத்தாம் நாள் நடந்தது. கண்ணாடி அம்மாவைத்தான் பொறுப்புக்குப் போட்டிருந்தார்கள். அன்று காலையே அண்ணனை வரவழைத்துக் குழியைத் திறந்து கம்பியைச் சரி செய்யச் சொல்லியிருந்தார். பழைய வேலையே திரும்பக் கிடைக்கும் என்று காவலாளி சொன்னார். இந்தப் பத்து நாளும் அண்ணன் அவளிடம் சாப்பாடு, சாவி என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை.

"குவாரிக்குக் கடிதம் போகலையே. அதுக்கு ஒரு விளக்கம் எழுதணும்" என்றார் கண்ணாடி அம்மா. பேனாவைத் திறந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "மறந்துட்டேன்னு சொல்லிடும்மா. அதோட முடிஞ்சிடும்."

"அவரு என்ன சொன்னாருங்கம்மா? கம்பியப் பத்தி, எங்க... அந்த மெக்கானிக்குக் குடுத்த லீவைப் பத்தி?"

"எல்லாத்துக்கும் ஒரே பதில். ஞாபகம் இல்லையாம்."

"அப்போ நான் மறந்துட்டேன்னு எழுதாதீங்க. மறக்கல. வேணும்னுதான் குடுக்கல." திறந்திருந்த பேனாவைக் காட்டினாள். "கம்பி மாறினது பதினோரு மாசமா எனக்குத் தெரியும்னும் எழுதுங்க."

கண்ணாடி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதை எழுதினா உன்னை இங்க வெச்சுக்க முடியாது. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அந்த ஆளு சொன்ன பதிலை நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்தாள். நடைபாதையில் பெஞ்சின் ஓரத்தில் தட்டு சார் உட்கார்ந்திருந்தார், மடியில் காகிதக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு. பத்து நாளில் சட்டை ஒரு அளவு பெரிதானது போல இருந்தது. அவளைப் பார்த்ததும் எழ முயன்று, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உனக்கு என்னம்மா கெடுதல் செஞ்சேன்?"

அவள் நின்றாள். அவர் நடிக்கவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறார். பத்து நாளாகத் தூங்காமல் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தத் தவிப்பு அவருக்குத் தீர்ந்துவிடும்.

"யோசிச்சுப் பாருங்க சார்" என்றாள். "இப்போதான் நிறைய நேரம் இருக்கே."

படியிறங்கி வெயிலுக்குள் நடந்தாள்.